ஃபுல் டேங்க்

"உங்கப்பா நடுரோட்ல வண்டிய நிறுத்திப்போட்டு எறங்கிப் போயி பெட்ரோல் மூடியத் திருகிட்டு நிக்கறாரு கண்ணு. எனக்குப் பயமா இருக்குது."

அம்மா போனில் இதைச் சொன்னது போன வருடம் பங்குனி மாதத்தில். கோவையிலிருந்து பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு இருவரும் வாரம் ஒருமுறை போய்வருவார்கள். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று என்றாலும் தென்னைக்குத் தண்ணீர் பாய்கிறதா என்று பார்க்காமல் அப்பாவால் இருக்க முடியாது. கிணத்துக்கடவை நெருங்கும்போது கார் திணறும். அப்பா ஓரங்கட்டுவார், சில சமயம் ஓரங்கட்டாமலே நிறுத்துவார். இறங்கிப் பின்னால் போய் டேங்க் மூடியைச் சாவி போட்டுத் திறப்பார். ஒரு நிமிடம் நிற்பார். மறுபடி மூடிவிட்டு வந்து ஏறிக்கொள்வார்.

"பொறகால லாரிக்காரன் ஹாரன் அடிச்சுட்டே நிக்கறான். இவுரு பாட்டுக்குத் தொறக்கறாரு, மூடறாரு. கேட்டா 'இப்பப் போகும் பாரு'ங்கறாரு."

"அப்புறம் போகுதாம்மா?"

"போகுது. ஆனா அதுக்காக?"

அந்தப் பதிலில் எல்லாமே இருந்தது. எனக்கு அப்போது அது காதில் விழவில்லை.

அதற்கு நான்கு மாதம் முன்னால்தான் அப்பாவை நரம்பியல் மருத்துவரிடம் காட்டியிருந்தோம். முப்பது மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வித்தாள். அப்பாவுக்கு இருபத்திரண்டு. மாதம் சொன்னார், தேதி தெரியவில்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். 93, 86 என்றவர் அதற்குமேல் என் முகத்தைப் பார்த்தார். கிணற்றின் ஆழத்தையும் பைப்பின் சுற்றளவையும் கேட்டுவிட்டு எத்தனை எச்.பி. மோட்டார் வேண்டும் என்று வரப்பில் நின்றபடியே சொன்னவர் அவர். முப்பத்தைந்து வருடம் கோவையில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் வேலை. அதில் பாதிக் காலம் கிராமம் கிராமமாகப் போய்க் கிணற்றுக்குள் இறங்கி ஏறியதுதான்.

அந்தச் சோதனைக்குப் பிறகு வீட்டில் அவர் எது சொன்னாலும் ஒரு தள்ளுபடி போட்டுக் கேட்கிற பழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டேன் என்றால் அம்மாவைப் பார்ப்போம், மாத்திரை போட்டேன் என்றால் அட்டையைப் பார்ப்போம். பெட்ரோல் மூடியும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. கார் நிற்பது காரின் கோளாறு, மூடியைத் திறப்பது அப்பாவின் கோளாறு. இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டும் என்றுதான் நானும் தங்கையும் பேசிக்கொண்டோம். சரிசெய்வது என்றால், சாவியை வாங்கி வைத்துக்கொள்வது.

*

கார் 2003-இல் வாங்கியது. நான்கு சிலிண்டர், எம்.பி.எஃப்.ஐ. கம்பெனிப் பெயர் வேண்டாம், அந்தக் கோளாறில் அவர்களுக்குப் பங்கில்லை. பதினைந்து வருடம் முடிந்து இரண்டு முறை பதிவைப் புதுப்பித்தாயிற்று.

எம்.பி.எஃப்.ஐ. என்று காரின் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டிப் பெருமைப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றது, புகைக்கான புதிய விதியும் வந்தது. கார்புரேட்டர் கார்கள் வரிசையாக விடைபெற்றன. கார்புரேட்டர் காரில் கோளாறு என்றால் மெக்கானிக் பானட்டைத் திறந்து, ஸ்க்ரூ டிரைவரால் ஒரு திருகு திருகி, எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே சரிசெய்வார். இன்ஜெக்ஷன் வந்ததும் அந்தத் திருகாணி போய்விட்டது. புதுக் கார்களில் ஸ்கேனரைச் செருகினால் கோளாறின் எண்ணைச் சொல்லும். ஆனால் இங்கே ஓ.பி.டி. கட்டாயமானதே 2010 வாக்கில்தான். அப்பாவின் கார் இரண்டு காலத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. காதால் கேட்கவும் முடியாது, ஸ்கேனரும் பேசாது. கண்ணாடிக்குக் கீழே இருக்கும் ஒரு சின்ன சாக்கெட்டில் இரண்டு முனையை வயரால் இணைத்தால் 'செக் எஞ்சின்' விளக்கு விட்டுவிட்டு எரியும். எத்தனை முறை எரிகிறது என்று எண்ணிக் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் காரில் அது 'எல்லாம் நலம்' என்றே எண்ணிக்கொண்டிருந்தது.

மூன்று ஒர்க்ஷாப்புகள் பார்த்தாயிற்று. முதலாமவர் பெட்ரோல் ஃபில்டரும் ஸ்பார்க் பிளக்கும் மாற்றினார். இரண்டாமவர் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தார். மூன்றாமவர் பின்சீட்டைத் தூக்கி, டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பையே புதிதாக மாற்றினார், கூடவே ரிலேயும். மொத்தம் இருபதாயிரத்துக்கு மேல் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் வண்டி இரண்டு வாரம் ஒழுங்காக ஓடும், பிறகு மறுபடி நிற்கும். பங்க்கில் வேலை செய்யும் பையன் எத்தனாலைக் குற்றம் சொன்னான். இப்போது பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால், பழைய வண்டியின் ரப்பருக்கு அது ஆகாது என்பது உண்மைதான். ஆனால் எத்தனால் கிணத்துக்கடவில் மட்டும் வேலையைக் காட்டுமா?

அந்த மூன்று பேரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. அவர்கள் செய்தது ஊகம். வழக்கமாகக் கெட்டுப்போகிற சாமான்களை வழக்கமான வரிசையில் மாற்றினார்கள். பத்தில் எட்டு கார்களுக்கு அது சரியாகவும் போய்விடும். ஒருவரும் எதையும் அளந்து பார்க்கவில்லை என்பது எனக்கு உறுத்தியது. நான் படித்தது டிப்ளமோ மெக்கானிக்கல், பிழைப்பது சென்னையில் கம்ப்யூட்டரில். பத்து நாள் லீவு போட்டுக்கொண்டு கோவைக்கு வந்தேன். காரைச் சரிசெய்யத்தான் வந்தேன் என்று அப்பாவிடம் சொன்னேன். உண்மையில் சாவியை வாங்கிக்கொண்டு போகவும் வந்திருந்தேன்.

*

இந்த மாதிரிக் காரில் பெட்ரோல் போகும் வழி சிக்கலானதல்ல. டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியபடி ஒரு சின்ன மின்சாரப் பம்பு இருக்கும். அதன் வாயில் வலை மாதிரி ஒரு வடிகட்டி. பம்பு தள்ளும் பெட்ரோல் ஃபில்டர் வழியாக முன்னால் வந்து, எஞ்சின்மேல் படுத்திருக்கும் ஒரு குழாய்க்குள் நிற்கும். அதுதான் ரெயில். நான்கு இன்ஜெக்டர்களும் அதில் செருகியிருக்கும். கம்ப்யூட்டர் சொல்லும்போது ஒரு நொடியில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு நேரம் திறந்து மூடும். எவ்வளவு நேரம் திறப்பது என்பதை மட்டும்தான் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அழுத்தம் சரியாக இருக்கும் என்பது அதன் நம்பிக்கை. அந்த அழுத்தத்தைக் காப்பது ரெகுலேட்டர். மிஞ்சிய பெட்ரோல் ரிட்டர்ன் லைன் வழியாக மறுபடி டேங்குக்கே திரும்பிவிடும்.

அப்பா பக்கத்தில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் காகிதத்தில் படம் போட்டுக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சம்ப்ல முங்குன மோட்டாரு. மேல ஒரு தொட்டி. தொட்டி நெறஞ்சா திருப்பி சம்ப்புக்கே வுழுகுது. அவ்வளவுதானடா?"

அவ்வளவுதான்.

முதலில் பிரஷர். ஒர்க்ஷாப் வைத்திருக்கும் கல்லூரி நண்பனிடம் கேஜ் வாங்கி வந்தேன். ரெயில் குழாயைக் கழற்றும் முன் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, வண்டி தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தத்தில் நிற்கும் பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் பீய்ச்சும். நண்பன் கேஜைக் கொடுப்பதற்கு முன்னால் தீயணைப்பு சிலிண்டரைக் கையில் கொடுத்தான்.

ஐடிலிங்கில் 2.5 பார். ரெகுலேட்டரின் வேக்யூம் குழாயைப் பிடுங்கினால் 3-க்கு ஏறியது. அப்படித்தான் ஏற வேண்டும். எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தேன், முள் 2-க்குக் கீழே வரவில்லை. "ஃபுட்வால்வு புடிக்குது" என்றார் அப்பா. அவர் சொன்னது சரி. பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு செய்வது, கிணற்றில் அடிவால்வு செய்யும் அதே வேலைதான். அது கசிந்தால் காலையில் செல்ஃப் நீளமாக அடிக்க வேண்டிவரும். எங்கள் வண்டி ஒரே அடியில் கிளம்பியது.

அடுத்து அளவு. பிரஷர் காட்டினால் போதாது. அடைத்த குழாயிலும் பிரஷர் காட்டும், தண்ணீர் வராது. ரிட்டர்ன் லைனைக் கழற்றி ஒரு கேனில் விட்டேன். ஒரு நிமிடத்தில் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. போதுமானதுதான்.

அடுத்து மின்சாரம். மீட்டரில் பாட்டரி முனையில் 14 வோல்ட், பம்பின் முனையில் 13.7. நடுவில் காணாமல் போனது 0.3. அரை வோல்ட்டுக்கு மேல் போயிருந்தால் ரிலேயையோ எர்த் வயரையோ சந்தேகப்பட்டிருக்கலாம். இன்ஜெக்டர்கள் நான்கும் 14 ஓம் சுற்றி ஒரே மாதிரி.

வீட்டு வாசலில் நிற்கும்வரை வண்டியில் எந்தக் குறையும் இல்லை. விட்டுவிட்டு வருகிற கோளாறின் சங்கடமே இதுதான். அது வரும்போது அளக்க வேண்டும். நீளமான குழாய் வாங்கி, கேஜை பானட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, டேப் போட்டு முன்கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒட்டினேன். பெட்ரோல் குழாயை வண்டிக்குள் கொண்டுவரக் கூடாது. ஓட்டியபடியே முள்ளைப் பார்க்கலாம்.

தினமும் காலையில் பாலக்காட்டு ரோட்டிலும் அவிநாசி ரோட்டிலும் சுற்றினேன். ஐந்நூறு ரூபாய்க்குப் போடுவேன், ஓட்டுவேன், மறுபடி ஐந்நூறு ரூபாய்க்குப் போடுவேன். முள் 2.5-க்கும் 3-க்கும் நடுவில் சமர்த்தாக நின்றது. நான்கு நாளில் முந்நூறு கிலோமீட்டர் இருக்கும். வண்டி ஒருமுறைகூட இருமவில்லை.

ஐந்தாம் நாள் இரவு தங்கையிடம் போனில் சொன்னேன்: "வண்டியில ஒண்ணும் இல்ல. எல்லாம் அப்பாவோட பிரமை. திணறுதுன்னு அவரே ஆக்ஸிலரேட்டரை விட்டுடறாரோ என்னவோ."

"அம்மாவும் பார்த்தாங்களே?"

"அம்மாவுக்கு வண்டி பத்தி என்ன தெரியும்?"

இந்த வாக்கியத்தை இங்கே எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் இதை விட்டுவிட்டால் மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை.

*

மறுநாள் காலை அப்பா வாசலில் நின்று கேஜை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "நின்னுதா?" என்றார்.

"இல்லப்பா. நல்லாத்தான் ஓடுது."

"எவ்வளவு போட்ட?"

"என்னது?"

"பெட்ரோலு."

"ஐந்நூறுக்கு."

அப்பா சிரித்தார். "அஞ்சு லிட்டர் போட்டா நிக்காது. ஃபுல் டேங்க் அடிச்சாத்தான் நிக்கும். அதும் மத்தியானத்துல. காலைல நிக்காது."

எனக்குச் சட்டென்று ஒரு வருத்தம் வந்தது. பெட்ரோல் குறைந்தால் வண்டி நிற்கும் என்பது குழந்தைக்கும் தெரியும். நிறைந்தால் நிற்கும் என்கிறார். தலைகீழாகிவிட்டது என்று நினைத்தேன். முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். அவர் குரலை உயர்த்தவில்லை. சேரை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு, சின்ன வயதில் எனக்குச் சொல்லித்தந்த அதே தொனியில் கேட்டார்:

"கெணத்து மேட்டுல மோட்டார் வெச்சா எத்தன அடிக்குக் கீழ இருந்து தண்ணி எடுக்கும்?"

"இருபத்தஞ்சு அடி."

"ஏன் நாப்பது அடி எடுக்காது? பெரிய மோட்டாரு போட்டா?"

"எடுக்காது."

"ஏன்னு கேக்கறேன்."

"மோட்டார் இழுக்கறதில்ல, காத்து தள்ளுது."

"அப்பக் காத்துக்கு வழி உடாம மூடிப்போட்டா?"

நான் பதில் சொல்லவில்லை. பத்து வயதில், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அவர் கிணற்றுக்குள் இறங்கும்போது மேலே நின்று பைப்பைப் பிடித்துக்கொண்டு கற்ற பாடம் அது. பம்பு தண்ணீரை இழுக்கிறது என்று நாம் நினைக்கிறோம். பம்பு செய்வது பைப்புக்குள் இருக்கும் காற்றைக் குறைப்பது மட்டுமே. கிணற்று நீரின்மேல் உட்கார்ந்திருக்கும் வெளிக்காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குள் ஏற்றுகிறது. அதன் பலம் முப்பத்து நான்கு அடி உயரத் தண்ணீருக்குச் சமம். நடைமுறையில் இருபத்தைந்து. ஏறத்தாழ பத்து மீட்டருக்குமேல் எந்த உறிஞ்சு பம்பும் தண்ணீரை ஏற்றுவதில்லை என்ற புதிரைக் கலிலியோ 1638-இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். அவரிடமிருந்த டாரிசெல்லி 1643-இல் பாதரசக் குழாயை வைத்து, தூக்கி நிறுத்துவது காற்றின் எடைதான் என்று காட்டினார். என் அப்பா எட்டாம் வகுப்பு. இரண்டு பேரையும் படித்ததில்லை. கிணற்றுக்குள் இறங்கித் தெரிந்துகொண்டார்.

அன்று மதியம் ஒன்றரை மணிக்கு, சித்திரை வெயிலில், மூன்று பேரும் கிளம்பினோம். சுந்தராபுரத்தில் பங்க். துப்பாக்கி 'டக்' என்று நின்ற பிறகும் அப்பா, "இன்னும் விடு, வாய் வரைக்கும்" என்றார். அப்படித்தான் எப்போதும் போடுவாராம். மூடியைப் பூட்டினோம். ஈச்சனாரி தாண்டினோம், முள் 2.5. ஒத்தக்கால்மண்டபம், முள் 2.5. கிணத்துக்கடவு மேம்பாலம் கண்ணுக்குத் தெரிந்தபோது முள் ஒருமுறை நடுங்கியது. மறுபடி நடுங்கியது. பிறகு காய்ச்சல்காரன் கை மாதிரி நடுங்கிக்கொண்டே 2-க்கு இறங்கியது, 1.5-க்கு இறங்கியது. வண்டி முன்னும் பின்னும் உலுக்கியது. நான்கு நாளாகத் தேடியதைக் கண்டுவிட்ட சந்தோஷத்தில் ஓரங்கட்ட மறந்துபோனேன். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"ஓரமா நிறுத்துடா, பைத்தியமா உனக்கு?" என்றார் அப்பா.

இறங்கிப் போய் மூடியை நானே திறந்தேன். சாவியைத் திருப்பியதும் 'புஸ்ஸ்ஸ்' என்று நீண்ட சத்தம். வெளியே வரும் காற்றின் சத்தமில்லை. உள்ளே போகும் காற்று. உள்ளங்கையை வைத்தேன், ஒட்டிப் பிடித்து இழுத்தது. டேங்கின் அடியிலிருந்து 'டொங்' என்று தகரம் நிமிர்கிற ஒலி. மறுபடி மூடிவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தேன். முள் 2.5.

"இப்பப் போகும் பாரு" என்றார் அப்பா.

*

நடந்தது இதுதான். எஞ்சின் பெட்ரோலைக் குடிக்கக் குடிக்க, காலியாகும் இடத்துக்கு டேங்குக்குள் காற்று வர வேண்டும். வர வழியில்லாவிட்டால் உள்ளே அழுத்தம் குறைந்துகொண்டே போகும். டேங்க் பாதி காலியாக இருந்தால் உள்ளே இருபது லிட்டர் காற்று இருக்கும். அதில் ஒன்றரை லிட்டர் இடம் கூடினால் பெரிய மாற்றமில்லை. வாய்வரை நிரப்பினால் உள்ளே இருப்பதே இரண்டு மூன்று லிட்டர் காற்றுதான். இருபது கிலோமீட்டர் ஓடி ஒன்றரை லிட்டர் குறைந்தால், அந்தக் கொஞ்சக் காற்று ஒன்றரை மடங்கு இடத்துக்கு விரிய வேண்டும். நிறைந்த டேங்கில்தான் சீக்கிரம் மூச்சு முட்டும். அப்பா சொன்னது தலைகீழல்ல, சரியான நேர்.

மத்தியானம் ஏன்? பெட்ரோல் ஒரே பொருளல்ல, பல திரவங்களின் கலவை. அதில் லேசானவை சாதாரண அழுத்தத்திலேயே 35, 40 டிகிரியில் கொதிக்கத் தொடங்கிவிடும். வெயிலில் காய்ந்த ரோடு, எஞ்சின் சூட்டில் சுற்றித் திரும்பும் ரிட்டர்ன் பெட்ரோல், அதன்மேல் குறைந்த அழுத்தம். பம்பின் வாயிலேயே பெட்ரோல் குமிழியிட்டு ஆவியாகிறது. திரவத்தைத் தள்ளுவதற்காகச் செய்த பம்பு ஆவியை மென்றால் என்ன பிரஷர் வரும்? கிணற்று மேட்டில் இதைத்தான் 'ஏர் இழுக்குது' என்பார்கள்.

ஒர்க்ஷாப்பில் ஏன் வரவில்லை என்பதும் விளங்கியது. அடுத்தவன் வண்டியைச் சோதித்துப் பார்க்க எவனும் ஃபுல் டேங்க் போடமாட்டான். வண்டி வருவதும் டெஸ்ட் டிரைவ் போவதும் காலையில். நான் ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டு ஓட்டியதும் அதே கதைதான். போதாததற்கு ஒவ்வொரு முறை போடும்போதும் மூடியைத் திறந்து கோளாறை நானே குணப்படுத்தி அனுப்பியிருக்கிறேன்.

காற்று வரும் வழி ஏன் அடைத்தது? கார்புரேட்டர் காலத்தில் டேங்க் நேராக வெளிக்காற்றை சுவாசித்தது. பெட்ரோல் ஆவி வெளியே போகக் கூடாது என்று விதி வந்தபின், கரி நிரப்பிய ஒரு டப்பா வழியாகத்தான் மூச்சு. ஆவியைக் கரி பிடித்துவைத்துக்கொள்ளும், ஓடும்போது எஞ்சின் அதை உறிஞ்சி எரித்துவிடும். டப்பாவுக்கு வெளிக்காற்று வர ஒரு சின்ன ரப்பர் குழாய். அந்தக் குழாயின் வாயில், அளவெடுத்துச் செய்த தக்கை போல, ஒரு குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. வெளிக்காற்று அடைத்துப்போனதால், ஆவியை உறிஞ்ச வந்த எஞ்சின் டேங்கையே உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. கம்பியால் குத்தினேன். செம்மண் உதிர்ந்தது.

ஆனால் குளவி மட்டும் காரணமில்லை. இப்படி ஆகும் என்று தெரிந்துதான் பெட்ரோல் மூடியிலேயே ஒரு சின்ன வால்வு வைத்திருப்பார்கள். உள்ளே அழுத்தம் குறைந்தால் அது திறந்து காற்றை விடும், வெளியே விடாது. மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அதில் வால்வு இல்லை. கனமான, பளபளப்பான, பூட்டு வைத்த மூடி.

அதை வாங்கியது நான். முந்தைய வருடம் தீபாவளிக்கு வந்திருந்தபோது, பங்க்கில் மூடியைக் காரின்மேல் வைத்துவிட்டு அப்படியே கிளம்பிவிட்டார் அப்பா. எங்கேயோ விழுந்துபோயிற்று. அவருடைய மறதியை நான் முதன்முதலாகக் கண்ணால் கண்டது அன்றுதான். சாவி போட்டுத் திறக்கிற மூடியாக இருந்தால் தொலைக்கமாட்டார், சாவி வண்டியில் வேண்டுமே என்று யோசித்து, கடையில் இருந்ததிலேயே விலை கூடியதாகப் பார்த்து வாங்கினேன். குளவி அதற்கு முன்பே கூடு கட்டியிருக்கலாம். பழைய மூடி இருந்தவரை அது யாருக்கும் தெரிந்திருக்காது.

அப்பாவின் மறதிக்கு நான் செய்த வைத்தியம்தான் நடுரோட்டில் வண்டியை நிறுத்தியது.

வண்டிக்கு உரிய மூடியை வாங்கி வந்து அப்பாவிடம் கொடுத்தேன். பழைய மூடியையும் பக்கத்தில் வைத்தேன். அவர் இரண்டையும் வேட்டியில் துடைத்தார். பழையதை வாயில் வைத்து உறிஞ்சினார், தலையை ஆட்டினார். புதியதை வைத்து உறிஞ்சினார். 'டிக்' என்று மெல்லிய சத்தம், காற்று வந்தது. கேஜ், மீட்டர், முந்நூறு கிலோமீட்டர் பெட்ரோல், இருபதாயிரம் ரூபாய் சாமான். அவருக்கு ஆனது பத்து நொடி.

"நீங்க சொன்னதுதான் சரிப்பா" என்றேன்.

"அது கெடக்கட்டும். இந்தப் பூட்டு மூடிய எவன் வாங்குனான்?"

"நான்தான்."

ஒன்றும் சொல்லவில்லை. பூட்டு மூடியை என் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

*

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாவியை நான் வாங்கிக்கொண்டேன். மூடி விஷயத்தில் அவர் சொன்னது சரி என்பதால் மற்றது பொய்யாகிவிடவில்லை. அடுத்த சோதனையில் இருபத்திரண்டு பத்தொன்பது ஆனது. மருத்துவர் இனி ஓட்ட வேண்டாம் என்று எழுதியே கொடுத்தார். சாவியைக் கொடுக்கும்போது அப்பா கேட்டது ஒன்றுதான்: "வண்டி நல்லாத்தான இருக்குது?" ஆமாம் என்றேன். "அப்பறம் என்ன?" என்றார். அதற்கு என்னிடம் அளந்து காட்ட எதுவும் இல்லை.

இப்போது மாதம் ஒருமுறை நான் வந்து அவர்களை ஊருக்குக் கூட்டிப்போகிறேன். அப்பா இடப்பக்கம் உட்கார்ந்திருப்பார். பேச்சு குறைந்துவிட்டது. ஆனால் கிணத்துக்கடவு மேம்பாலம் தெரிந்ததும் நிமிர்ந்து உட்காருவார்.

"நிறுத்துடா."

முதல்முறை, "சரிபண்ணியாச்சுப்பா, இப்ப நிக்கறதில்ல" என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். அடுத்த மாதம் அதே இடத்தில் மறுபடி, "நிறுத்துடா." அம்மா பின்சீட்டிலிருந்து என் தோளைத் தொட்டாள்.

மேம்பாலத்துக்கு முன்னால் ஒரு புளியமரத்தடி இருக்கிறது. நன்றாக ஓரங்கட்டி, சிக்னல் விளக்கைப் போட்டுவிட்டு நிறுத்துகிறேன். அப்பா மெதுவாக இறங்கிப் பின்னால் போகிறார். மூடியைத் திருகித் திறந்து காதை வைத்துக் கேட்கிறார். சத்தம் எதுவும் வருவதில்லை. மறுபடி மூடி, இரண்டு முறை இறுக்கிப் பார்த்துவிட்டு வந்து ஏறிக்கொள்கிறார்.

"இப்பப் போகும் பாரு" என்கிறார்.

வண்டியை எடுக்கிறேன்.